அதிரசம் கேட்டாலும் முறுக்கு

மணப்பாறை பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில் செங்கோடன், அமலதாஸ், பிச்சைக்கண்ணு என்ற மூன்று பேர் கடைகளுக்கு வலைத்தளம் செய்து கொடுத்தார்கள். முட்டாள்கள் என்று சொன்னால் பாவம். சொன்னதைச் சொன்னபடி செய்பவர்கள், அவ்வளவுதான்.

பலகாரக் கடை ஜெயக்கொடியின் தளத்தில் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியும் கேள்விக்குறியும் எண்ணுமாக முழ நீளம் இருக்கும். போனில் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. அவளோ தீபாவளியை நம்பி அண்டா அண்டாவாக அதிரச மாவு பிசைந்து வைத்திருந்தாள். விற்காவிட்டால் அத்தனையும் குப்பைதான்.

"கடை பேருக்குப் பின்னாடி அதிரசம்னு அடிச்சா அதிரசம் வரணும் தம்பி," என்றாள்.

முதலாளி தர்மலிங்கம் குலதெய்வம் கும்பிட மலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். "ஒவ்வொரு பலகாரத்துக்கும் அதது பேரே முகவரி. அப்படின்னு கம்ப்யூட்டருக்கு விதி எழுதிடுங்க. யாரு என்னத்த அடிச்சாலும் 'பக்கம் கிடைக்கவில்லை'ன்னு வெறுங்கையோட திரும்பக் கூடாது, முறுக்கையாவது காட்டிடுங்க. அதான் நமக்கு முதல் விதி," என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

அதையே முதல் விதியாக மேலே எழுதி, பலகார விதிகளை அதற்குக் கீழே எழுதினார்கள். கணினி மேலிருந்து கீழே படிக்கும், பொருந்துகிற முதல் விதியோடு நின்றுவிடும். அதிரசம் என்று அடித்தால் முறுக்கு வந்தது. சீடை என்று அடித்தாலும் முறுக்குதான்.

ஜெயக்கொடி போனில் அழுதேவிட்டாள். "மாவு கெடப் போகுதுடா பாவிகளா! ஊரே முறுக்குக்கு ஆர்டர் போடுது!"

மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள்.

"அந்த விதியக் கடைசில போட்டா சரியாப் போயிரும்ல?" என்றான் பிச்சைக்கண்ணு.

"முதல் விதின்னு மொதலாளி வாயால சொன்னாரு. கடைசில போட்டா கடைசி விதி ஆயிராதா?" என்று அதட்டினான் செங்கோடன்.

"அவரயே கேப்போமே."

"மலையில டவர் கெடைக்காது."

அமலதாஸ் நெடுநேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "தளத்துல ஒரு தப்பும் இல்லடா. எல்லாரும் முறுக்குதான் கேக்குறாங்க. கடையிலதான் அதிரசம் இருக்கு. அப்ப தப்பு கடையில."

மற்ற இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பெரிய மூளை!

உடனே பசையோடு கடைக்குப் போனார்கள். சுட்டு நிரப்பிய அதிரச டின் ஒவ்வொன்றிலும் 'முறுக்கு' என்று சீட்டு ஒட்டினார்கள். வந்த ஆர்டருக்கெல்லாம் அதிரசம் கிளம்பியது. அண்டா காலியாகக் காலியாக ஜெயக்கொடிக்கு உயிர் வந்தது. வாசலில் மட்டும் முறுக்கு வாங்க வந்தவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அதெல்லாம் சரி தம்பி, நெசமான முறுக்கு டின்னுல என்னத்த எழுதி ஒட்டுனீங்க?" என்று கேட்டாள்.

செங்கோடன் பெருமையாக ஒரு டின்னைத் திருப்பிக் காட்டினான். 'நீங்கள் தேடிய பக்கம் கிடைக்கவில்லை.'