நிமிஷத்துக்கு இரண்டு விநாடி

கணக்கும் அறிவியலும் சொல்லித்தருவதற்கென்றே நடந்த கான்வென்ட் பள்ளி அது. பத்தாவது முடித்த பெண்களில் நாற்பது பேரைத்தான் பொறுக்கி எடுப்பார்கள். பொறுக்குவது சிஸ்டர் யூஜினி. இந்த வருடத்தோடு அவருக்கு ஓய்வு. அவரிடமே படித்து, அங்கேயே டீச்சராகிவிட்ட கோமளா அந்த வேலையைப் பழகிக்கொண்டிருந்தாள்.

தேர்வு ஒன்றே ஒன்று. ஊசலை ஆட்டி, நேரம் பார்த்து, புவியீர்ப்பு எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். புத்தகத்தில் 980 என்று இருக்கும். சிஸ்டர் கொடுக்கும் ஸ்டாப் வாட்சுகளோ நிமிஷத்துக்கு இரண்டு விநாடி பிந்தும். ஒழுங்காகச் செய்தால் 1050க்குப் பக்கத்தில்தான் வரும். இத்தனை வருடமாகச் சொல்லாததை சிஸ்டர் அன்று காலைதான் கோமளாவிடம் சொன்னார்.

முப்பத்தொன்பது இடம் நிரம்பிவிட்டது.

"இது வேண்டாம் சிஸ்டர்." கோமளா ஒரு தாளை ஒதுக்கினாள். "1047ன்னு எழுதிட்டு, பிளேடால சுரண்டி 980 ஆக்கியிருக்கா. திருட்டுத்தனம். அதையும் உருப்படியாப் பண்ணத் தெரியலை."

பேனா மையைப் பிளேடால் சுரண்டுவது அந்தக் கான்வென்டில் கொலைக்கு அடுத்த குற்றம்.

சிஸ்டர் எழுந்து பீரோவைத் திறந்தார். ரசகற்பூர வாசனையோடு ஒரு பழைய தாள் வந்தது.

"ஐயோ, என் கையெழுத்து!" கோமளா சிரித்துவிட்டாள். "வயலெட் இங்க்! அப்பா பேனா சிஸ்டர், அன்னிக்கு மட்டும்னு கொடுத்தார். ரெட்டைப் பின்னல், கஞ்சி போட்ட ரிப்பன்… ஊசலோட சேர்ந்து என் தலையும் ஆடுதுன்னு நீங்க அதட்டினீங்களே!"

"ஆடத்தானே செஞ்சுது."

கோமளாவின் விரல் தாளின் அடிவரை இறங்கி நின்றது. விடை 980. அதன் கீழே, சுரண்டிச் சுரண்டித் தாளே தேய்ந்து, மிளகளவு ஓட்டை.

சிரிப்பு போய்விட்டது.

"தெரிஞ்சேதான் எடுத்தீங்களா?"

"எனக்குக் கண் நல்லாத்தான் இருந்தது."

"அப்புறம் எதுக்கு சிஸ்டர் என்னை எடுத்தீங்க?"

சிஸ்டர் தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியே வந்த வெயில், கோமளா ஒதுக்கி வைத்த தாளின் மேல் விழுந்தது.

"அந்த வருஷம் நூறு பேருக்கு மேல 980ன்னு எழுதியிருந்தாங்க. அத்தனை தாளும் படு சுத்தம். சுரண்டறதுக்குன்னு ஒரு எண் உன்கிட்டதான்டி இருந்தது."