ஆக்ஸிமோரானுக்கு ஓர் உதாரணம்

முரண்பட்டது எதையும் ஆக்ஸிமோரான் என்கிறார்கள், பெரும் பாவம். எதிரெதிரான இரண்டு சொற்கள் ஒட்டி நின்று உண்மையும் சொன்னால்தான் ஆங்கிலத்தில் அதற்கு அந்தப் பெயர்.

நெல்லைக் கல்லூரி ஒன்றின் தற்காலிகக் கடைநிலை ஊழியர் ஆவுடையப்பனுக்கு மாதக் கடைசியில் ஓய்வு. அதற்குள் பணி நிரந்தரமானால்தான் ஓய்வூதியம். மனுவோடு முதல்வர் ஜெபமணியின் ஆங்கில வகுப்பு வாசலில் நின்றார்.

"தினமும் வாசல்ல நின்னு பாடம் கேக்கீராமே. ஆக்ஸிமோரானுக்குப் புத்தகத்துல இல்லாத உதாரணம் சொல்லும்வே, கையெழுத்துப் போடுதேன்" என்றார் முதல்வர். மாணவர்கள் சிரித்தார்கள்.

"நிரந்தரத் தற்காலிகம், ஐயா. வருசத்துக்கு ஒருநாள் வேலையை விட்டு நிறுத்தி, மறுநாள் புதுசா சேத்துக்கிடுதீங்க. பத்தொம்பது வருசமாச்சு."

சிரிப்பு நின்றது. முதல்வர் மனுவை வாங்கவில்லை. உதாரணத்தை மட்டும் குறித்துக்கொண்டார்.

அவ்வருடத் தேர்வில் அது இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்தது.