ஆயிரத்தில் ஒன்று

காலை ஏழு மணி. பதினாலாவது படியில் எதிராஜுலு உட்கார்ந்துவிட்டார். மேலே இன்னும் இருபத்தெட்டு.

இதயம் பலவீனம். வீடு மூன்றாம் மாடியில்; லிஃப்ட் கிடையாது. ஐந்து மாதமாக மனைவி மேலே, அவர் தரைத்தளத்தில், அடுத்தவர் கொடுத்த அறையில்.

ஒன்பது மணிக்கு வகுப்புக்குப் போனார். இதயம் தளர்ந்தவர்களுக்கு நடையும் மூச்சும் சொல்லித்தருகிற வகுப்பு. நடத்துபவர் டாக்டர் மெஹர்பானு, அவரைவிட இருபத்தாறு வயது இளையவர்.

"டாக்டரம்மா, நீங்க சொன்ன கீரை, பீட்ரூட் எல்லாம் ஆறு வாரமாத் திங்கிறேன். ஒரு படி கூடலை. ரத்தக் குழாயை இளக்கும்னு சொன்னீங்களே, அந்த நைட்ரிக் ஆக்சைடு எனக்கு மட்டும் வராதா?"

"மாத்திரை?"

"ஒரு வேளை தவறலை."

"சாப்பிட்டதும் என்ன செய்வீங்க, சார்?"

"வாய் கொப்பளிப்பேன்." பையிலிருந்து நீல மருந்துப் பாட்டிலை எடுத்துக் காட்டினார். "மூணு வேளையும். முப்பத்தோரு வருஷம் சுகாதார ஆய்வாளர். ஊர்க் கிருமியை ஒழிச்சவன், சொந்த வாயில விடுவேனா?"

"சார் பேரைக் கேட்டாலே கொசு ராஜினாமா பண்ணிடுமாம்," என்றார் பக்கத்து நாற்காலி லூர்தம்மாள்.

மெஹர்பானு கேட்டார்: "கீரையை நைட்ரிக் ஆக்சைடா மாத்துற வேலை எங்கே ஆரம்பிக்குது?"

"இதயத்துல."

"இல்லை."

"ரத்தக் குழாயில?"

"நாக்கை நீட்டுங்க."

நீட்டினார். அவர் முகத்துக்கு எதிரே ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்தார் மெஹர்பானு.

"அங்கே, பின்பக்கம். கிருமிங்கதான் முதல்ல கை வைக்கணும். அப்புறம்தான் குழாய் இளகும், இதயத்துக்குப் பாரம் குறையும்."

எதிராஜுலு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கிருமியா? என் வாயிலயா?"

மெஹர்பானு பாட்டிலை வாங்கி லேபிளை உரக்கப் படித்தார்.

"தொண்ணூத்தொன்பது புள்ளி ஒன்பது சதவீதம் கிருமிகளைக் கொல்லும்."

"ஆமா. அதனாலதானே வாங்கறேன்."

"அப்போ ஆயிரத்துல ஒண்ணு தப்பிச்சிருக்கு, சார். பதினாலு படி உங்களைத் தூக்கினது அதுவாத்தான் இருக்கும்."



எதிராஜுலு பாட்டிலையே பார்த்தார்.

"இதை என்ன பண்ண?"

"கை கழுவுற தொட்டியில ஊத்திடுங்க."

எழுந்து போனார். மூடியைத் திறந்தார். பாட்டிலைச் சாய்க்கப் போனவர் நின்றார்.

"சாக்கடையில இருக்கற கிருமிங்க செத்துடாதா?" என்றார்.

2025 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை, எதிராஜுலுவின் கட்டிலை மூன்றாம் மாடிக்கு ஏற்றினார்கள். அவர் அதற்கு முன்பே நாற்பத்திரண்டு படியும் ஏறி மேலே போயிருந்தார்.