நாளைக்கே அனுப்பி வைக்கிறோம்

தென்காசிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தெய்வானை என்றொருத்தி வேலை பார்த்தாள். டாக்டரோ நர்ஸோ, புதிதாக யார் சேர வந்தாலும் அவர்களுடைய பூர்வோத்தரத்தை விசாரித்து, ‘சேர்க்கலாம்’ என்று கையெழுத்துப் போடுவது அவள் பொறுப்பு. அது இல்லாமல் ஒருவரும் ஆபரேஷன் தியேட்டருக்குள் கால் வைக்க முடியாது.

அங்கே மூன்று மாதமாக மயக்க மருந்து டாக்டர் இல்லை. எங்கே தேடினாலும் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. சிசேரியன் என்றால் திருநெல்வேலிக்குத்தான் ஓட வேண்டும். போன வாரம் அப்படி ஓடிய ஒருத்தியின் குழந்தை ஆம்புலன்ஸிலேயே இறந்துபோனது. அன்றிலிருந்து தெய்வானைக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நிலையில் சாமி வரம் கொடுத்த மாதிரி டாக்டர் கதிரேசன் விண்ணப்பித்தார். பட்டம் அசல், பதிவு எண் அசல், பெயரில் ஒரு வழக்குக்கூடக் கிடையாது. அவர் வேலை பார்த்த மதுரை ஆஸ்பத்திரியிலிருந்தே ஜெபக்கனி என்ற தியேட்டர் நர்ஸும் விண்ணப்பித்திருந்தாள். தெய்வானை அங்கிருந்த மேனேஜருக்குப் போன் போட்டாள்.

“கதிரேசன் சாரா? தங்கமான மனுஷன்மா! ஒரு குறை சொல்ல முடியாது. நாளைக்கே அனுப்பி வைக்கிறோம்.”

“ஜெபக்கனி எப்படி சார்?”

“அந்தப் பொண்ணா? வாய் ஜாஸ்தி. தியேட்டர்ல டாக்டரையே எதுத்துப் பேசும். உங்களுக்குச் சரிப்பட்டு வராது. அதோட மூணு மாசம் நோட்டீஸ் இருக்கு. ஒரு நாள் முன்னாடிகூட விட மாட்டோம்.”

போனில் கேட்டதைத் தெய்வானை சொன்னதும், பெரிய டாக்டர் ஞானசிகாமணி காகிதங்களை அவள் பக்கம் தள்ளினார். “எல்லாம் சரியாத்தானேம்மா இருக்கு? கதிரேசனுக்குப் போடு கையெழுத்தை. அந்த நர்ஸ் வேண்டாம். இன்னொரு குழந்தை போச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

தெய்வானை பேனாவைத் திறந்தாள், மூடிவிட்டாள்.

“அவருக்குப் போட மாட்டேன் சார். ஜெபக்கனிக்கு வேணும்னா மூணு மாசம் காத்திருப்போம்.”

வாசகரே, காகிதத்தை நம்பி அவசரப்பட்ட ஞானசிகாமணி, காகிதத்தில் குறையே இல்லாதவரைத் தடுத்த தெய்வானை: இதில் யார் செய்தது சரி? போனில் அவள் காதில் உறுத்தியது எது?

விடை: தெய்வானை செய்ததே சரி. குதிரைக்கொம்பாகக் கிடைக்கும் டாக்டர் தங்கமானவராகவும் இருந்தால், எந்த ஆஸ்பத்திரி அவரை நாளைக்கே அனுப்பும்? உதவாத நர்ஸை எதற்காக மூன்று மாதம் பிடித்துவைக்கும்? தொலைந்தால் போதும் என்று தாங்கள் நினைத்த டாக்டரைப் புகழ்ந்தார்கள், விட்டுவிடத் தங்களுக்கு மனமில்லாத நர்ஸைப் பழித்தார்கள். தெய்வானைக்கு இது சட்டென்று பிடிபட்டதற்குக் காரணம் உண்டு. நான்கு வருடத்துக்கு முன்பு, வேறோர் ஆஸ்பத்திரியில், மேலே இருந்தவர்கள் சொல்லச் சொன்னதால் ஒரு டாக்டரைப் பற்றி அவளே போனில் இதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தாள். மறுமுனையில் இருந்த பெண் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டே மாதத்தில் அங்கே ஒரு தாய் மயக்கம் தெளியாமலே போய்விட்டாள்.