வலிக்காத காலுக்குக் கட்டு

அசமந்தூர்க்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்துவிடுவார்கள். யோசிப்பது என்கிற கெட்ட பழக்கம் அந்த ஊரில் ஒருத்தருக்கும் கிடையாது. அந்த ஊரில்தான் சடையாண்டி மாமாவுக்கு வரப்பில் கால் பிசகியது. பிசகினதுகூடப் பெரிசில்லை, பிசகின நேரம்தான் சரியில்லை.

ஏனென்றால் அதே வாரம்தான் தவசி, பரமன், நாச்சியார் மூன்று பேரும் டவுனில் இருக்கிற டாக்டர் காலேஜுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்திருந்தார்கள். பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள். அங்கே ஒரு பெரிய மனுஷர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்லியனுப்பினாராம்:

"மார்க்கு எல்லாரும்தான் வச்சிருக்கான். புத்தகத்துக்கு வெளியே என்ன செஞ்சீங்க? நோயாளி பக்கத்துல இருந்து பழகியிருக்கணும். சேவை, தலைமைப் பண்பு, ஆராய்ச்சி எல்லாம் வேணும். அனுபவம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. போட்டோ இல்லாம வராதீங்க."

நோயாளிக்கு எங்கே போவது? அசமந்தூரில் நோயைக் கண்டுபிடிக்க ஆள் இல்லாததால் யாருக்கும் நோயே வந்ததில்லை. அப்படித் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் மாமா கால் பிசகிய சேதி வந்தது. மூன்று பேரும் கும்பிட்ட சாமிக்கு நன்றி சொல்லிவிட்டு ஓடினார்கள்.

மாமா ஒண்டிக்கட்டை. காய்ச்சல் வந்தாலும் கஞ்சி வைக்க ஆள் கிடையாது. அவருக்கு ஒன்றுக்கு மூன்றாய் ஆள் வந்து நின்றால் சந்தோஷம் வராதா? "வாங்கடா மருமக்களா!" என்று கயிற்றுக் கட்டிலில் நகர்ந்து இடம் கொடுத்தார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு கவலை. வெள்ளிக்கிழமை மேலக்கரையில் தங்கச்சி வெள்ளத்தாயின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்தவேண்டும். வெள்ளத்தாய் போனிலேயே சொல்லிவிட்டாள்: "அண்ணே, நீ வரலைன்னா பிள்ளைக்குக் காது குத்தமாட்டேன். உன் வாசப்படியையும் மிதிக்கமாட்டேன்."

இருப்பது ஒரே தங்கச்சி. மாமா மூன்று பேரையும் கும்பிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள என்னை எழுப்பி நிறுத்திடுங்கடா, புண்ணியமாப் போகும்" என்றார்.

மறுநாள் காலையில் வீக்கம் தானாகவே வற்றிவிட்டது. மாமா எழுந்து நின்று பார்த்தார். வலியே இல்லை. "ஆகா!" என்றார். நாச்சியார் "ஐயோ!" என்று அலறினாள்.

மூன்று பேரும் முற்றத்தில் கூடிப் பேசினார்கள்.

"குணமாயிட்டார்னா அப்புறம் அவர் நோயாளி இல்லையே" என்றான் பரமன்.

"நோயாளி இல்லைன்னா நம்ம அனுபவம் ஒரே நாள்தான். நீளமா இருக்கணும்னு சொன்னாங்களே" என்றாள் நாச்சியார்.

தவசி வெகுநேரம் மோவாயைத் தடவினான். "வலிக்கிற காலுக்குக் கட்டுப் போட்டாத்தானே குணமாகும்? வலிக்காத காலுக்குப் போடுவோம். கட்டும் போட்ட மாதிரி ஆச்சு, குணமும் ஆகாது."

இப்படி ஒரு மூளை இந்த ஊரில் பிறந்திருக்கிறதே என்று மற்ற இரண்டு பேருக்கும் புல்லரித்துவிட்டது. மாமாவும் கேட்டுப் பார்த்தார். படிச்ச பிள்ளைகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நல்ல காலை நீட்டிக் கொடுத்தார். இடுப்பு வரைக்கும் சுற்றிவிட்டார்கள்.

பிறகு சேவை ஆரம்பமானது. மாமாவுக்கு வாழைப்பழம் கொடுக்கிற மாதிரி தவசி போட்டோ எடுத்துக்கொண்டான். மாமா உரிக்கப்போனார். "இருங்க மாமா, பரமன் இன்னும் கொடுக்கலை" என்று பிடுங்கிக்கொண்டார்கள். பரமன் கொடுத்தான். நாச்சியார் பிடுங்கினாள். நாச்சியார் கொடுத்தபோது கண்ணை மூடிவிட்டாளாம், மறுபடியும் முதலிலிருந்து. அந்த ஒரே பழம் கறுத்து அழுகும் வரைக்கும் சேவை ஓயவில்லை. மாமா பட்டினி.

ஆராய்ச்சியை நாச்சியார் எடுத்துக்கொண்டாள். தாகம் எடுத்த மனுஷன் எப்போது திட்ட ஆரம்பிப்பான் என்பதுதான் ஆராய்ச்சி. மாமா தண்ணி கேட்டார். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கெட்ட வார்த்தையில் திட்டினதும் "வந்திருச்சு, வந்திருச்சு!" என்று கைதட்டிவிட்டு, அந்தக் குஷியில் தண்ணியைத் தானே குடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மாமா கெஞ்சினார். "கட்டை அவிழ்த்து விடுங்கடா. என் தங்கச்சி முகத்துல நான் எப்படிடா முழிப்பேன்?" கண்ணில் தண்ணி கொட்டியது. அதையும் தவசி போட்டோ எடுத்துக்கொண்டான், நன்றாக வந்திருந்தது.

"அவரா நடந்து போனா அனுபவம் அத்தோட முடிஞ்சுது. நாம தூக்கிட்டுப் போனா அதுவும் அனுபவம்" என்றான் பரமன். சரி என்று கட்டிலோடு தூக்கினார்கள். யார் முன்னால் பிடிப்பது?

"தலைவன் முன்னாலதான் இருக்கணும்" என்றான் தவசி.

"அப்ப நானும் முன்னாலதான்" என்றான் பரமன்.

"என்னைப் பின்னாடி விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் டாக்டர் ஆயிடலாம்னு பார்க்கறீங்களா?" என்று நாச்சியாரும் முன்னால் வந்தாள்.

மூன்று பேரும் முன்பக்கத்தைத் தூக்க, பின்பக்கம் தரையில் தேய, கட்டில் புறப்பட்டது. வாய்க்கால் மேட்டில் ஏறும்போது மாமா வழுக்கிக்கொண்டே போய்ச் சேற்றில் விழுந்தார். "டேய்! டேய்!" என்று கத்தினார். தலைவர்கள் திரும்பிப் பார்ப்பார்களா?

மேலக்கரையில் பந்தலுக்குள் வெறுங்கட்டிலை இறக்கி வைத்தார்கள். வெள்ளத்தாய் ஓடி வந்தாள். "எங்கண்ணன் எங்கடா?"

தவசி கட்டிலைப் பார்த்தான், கட்டிலுக்கு அடியிலும் பார்த்தான். "நம்மகிட்டச் சொல்லாமலே குணமாயிட்டாரு போலிருக்கு, சித்தி."

"அத்தனை அனுபவமும் போச்சே!" என்று நாச்சியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பந்தலில் இருந்தவர்கள் சடையாண்டிதான் போய்விட்டான் என்று நினைத்து அவர்களும் அழுதார்கள்.

நல்ல நேரம் முடியப்போகிற சமயம் வாசலில் சேறும் சகதியுமாய் ஓர் உருவம் நொண்டிக்கொண்டு வந்தது. பிசகின காலை ஊன்றி, நல்ல காலை இழுத்துக்கொண்டு சடையாண்டி மாமா வந்து சேர்ந்துவிட்டார்! வெள்ளத்தாய் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் அவள் பட்டுச்சேலையும் சேறானது. அவரை உட்காரவைத்து, பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். மாமாவுக்கு இந்த ஜென்மத்துக்கு இது போதும் என்றிருந்தது.

ஆசாரி வலது காதில் குத்தித் தோட்டை மாட்டினார். பிள்ளை வீல் என்று கத்தியது.

"நோயாளி!" என்றார்கள் மூன்று பேரும். அழுத கண்ணெல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டது. யாரும் தடுப்பதற்குள் பாய்ந்து, பிள்ளையின் இடது காதைச் சேர்த்துத் தலை முழுக்கக் கட்டிவிட்டார்கள். வலிக்காத காதுக்குத்தானே கட்டு? மூன்று பேர் போட்ட முடிச்சை ஊரே சேர்ந்தும் அவிழ்க்க முடியவில்லை.

"நேரம் போகுது. இந்த இன்னொரு தோட்டை நான் எங்க குத்துறது?" என்று ஆசாரி சத்தம் போட்டார்.

தவசி மோவாயைத் தடவினான். "மடியில இருக்கற காது அகப்படலை. அதுக்கு மேலேயே ஒரு காது சும்மாத்தானே இருக்கு?"

மாமாவின் இடது காதில் தோடு ஏறியது. பிள்ளையைவிட அவர்தான் அதிகமாக அழுதார். வெள்ளத்தாய்க்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. "யாரோட அண்ணன் இப்படிச் செய்வான்?"

காலேஜில் போட்டோக்களைப் பார்த்த பெரிய மனுஷர், கூடவே அத்தாட்சிக்கு அழைத்து வந்திருந்த மாமாவையும் ஏற இறங்கப் பார்த்தார். "இவருக்கு என்ன நோய்?"

"ஒண்ணும் இல்லைங்க ஐயா. நாங்கதான் இவ்வளவு நாளாப் பார்த்துக்கிட்டோம்" என்றான் தவசி.

"இதைத்தான் நானும் இத்தனை வருஷமாப் பண்ணிட்டிருக்கேன்" என்று அவர் கண்கலங்கி, மூன்று பேருக்கும் அந்த இடத்திலேயே சீட் கொடுத்துவிட்டார்.

படித்து முடித்து, அசமந்தூரிலேயே மூன்று பேரும் ஆஸ்பத்திரி திறந்தார்கள். வெளியே கட்டுப் போட்டுக்கொள்ள வந்தவர்கள் வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. முதல் நாளே ஒற்றைத் தோட்டோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சடையாண்டி மாமா உள்ளே போனார்.

"டாக்டர் மருமகனே, வயித்துவலி உசுரு போகுதுடா!"

தவசி மோவாயைத் தடவினான். "கால் எப்படி மாமா இருக்கு?"

"ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு."

"அடடா, இதை முன்னாடியே வந்து சொல்லக்கூடாதா?" என்று பதறிப்போய், தவசி இரண்டு காலுக்கும் கட்டுப் போட ஆரம்பித்தான்.

நல்லவேளை, சரியான நேரத்துக்கு வந்தோம் என்று மாமா காலை நீட்டிக் கொடுத்தார்.