அண்ணாச்சி போயிட்டாங்க

"மேடம், நான் ஒரு ஆளைக் கொன்னுட்டேன்," என்றார் சங்கரலிங்கம்.

பெனடிக்டா வலையின் நடுப்பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாரை?"

"பொன்னுத்துரை அண்ணாச்சியை."

"அவர் நல்லாப் பேசுறாராமே. நேத்தே வார்டுக்கு மாத்திட்டாங்கன்னு சொன்னாங்க."

"அதான் மேடம் என் பிரச்சினையே."

அவள் முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்தாள்.

"சொல்லுங்க சார்."

சங்கரலிங்கம் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகுதான் தூத்துக்குடியின் அந்தப் பழைய டென்னிஸ் கிளப்பில் சேர்ந்து ராக்கெட்டைத் தொட்டார். கற்றுக்கொடுத்தவள் பெனடிக்டா. அவர் கடைசியாகப் பாடம் நடத்திய மாணவிகளைவிட நாலைந்து வயது மூத்தவள், அவ்வளவுதான்.

குருவை அவர் மேடம் என்பார். சீடரை அவள் சார் என்பாள்.

அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. பந்து வலையில் விழுந்தால் "மறுபடியும்" என்பாள். அழகாகக் கோட்டோரம் போய் விழுந்தாலும் "மறுபடியும்"தான்.

இருந்தும், மனசில் எந்தக் குழப்பம் வந்தாலும் அவருக்கு அவளிடம்தான் கேட்கத் தோன்றும்.

கிளப்புக்கு அவர் செயலாளர். அதைவிட முக்கியம், கிளப்பின் வாட்ஸப் குழுவில் செய்தி போடுகிறவர். யார் வீட்டில் கல்யாணம், யார் பேத்தி மாவட்டப் போட்டியில் ஜெயித்தாள், மழைக்கு எந்த கோர்ட்டில் தண்ணீர் நிற்கிறது, எல்லாம் அவர் போட்டால்தான் செய்தி. வேறு யாராவது முந்திக்கொண்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆட்டத்தின் நடுவில், பொன்னுத்துரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது கோர்ட்டில் சரிந்தார். உப்பளம் வைத்திருப்பவர். கிளப்பில் எல்லோருக்கும் அண்ணாச்சி. ஆம்புலன்ஸ் வந்து அள்ளிக்கொண்டு போயிற்று.

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியின் டிரைவர் இசக்கி போன் செய்தான்.

"சார், அண்ணாச்சி போயிட்டாங்க சார்..."

லைன் அறுந்துவிட்டது.

இசக்கி சொல்ல வந்தது, திருநெல்வேலிக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார்கள்.

சங்கரலிங்கம் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. கண் கலங்கிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் விரல் நிற்கவில்லை. அண்ணாச்சியின் படத்தைத் தேடி எடுத்து, பக்கத்தில் ஒரு விளக்குப் படத்தை ஒட்டி, கீழே இரங்கல் செய்தி எழுதிக் குழுவில் போட்டார்.

யாரும் முந்திக்கொள்ளவில்லை.

அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாலைகள் போயின. பந்தல்காரர் மூங்கிலோடு போய் இறங்கினார். பூட்டிக் கிடந்த வீட்டு வாசலில் ஒரு ஐஸ் பெட்டி வந்து நின்றது.

பஹ்ரைனில் இருந்த மகளுக்கும் செய்தி போயிற்று.

மதியம் பெனடிக்டா குழுவில் மூன்றே வார்த்தை போட்டாள். "பொன்னுத்துரை சார் நலம்."

சங்கரலிங்கம் தன் செய்தியை அழித்தார். அழித்தது அங்கே மட்டும்தான். ஊரில் அது சுற்றிக்கொண்டே இருந்தது.

இதெல்லாம் பெனடிக்டாவுக்கும் தெரியும். ஆனாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"அவர் பொழைச்சிக்கிட்டார்னு கேட்டதும் எனக்கு உயிரே திரும்பி வந்துச்சு மேடம். அடுத்த நிமிஷமே, அந்த மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு பயம் வந்துடுச்சு. அன்னையிலேருந்து தூக்கமில்ல."

அவர் போனை நீட்டினார்.

"மன்னிப்புச் செய்தி எழுதியிருக்கேன். சிக்னல் இல்லாதது, இசக்கி பேசின விதம், எல்லாத்தையும் விளக்கியிருக்கேன். இதைப் போட்டுட்டு விலகிடறேன். செயலாளர் பதவி வேண்டாம். டென்னிஸும் வேண்டாம். நீங்க ஒரு தடவை படிச்சுப் பாருங்க."

அவள் போனை வாங்கவில்லை.

"ரெண்டாம் கோர்ட்டு பெஞ்சுக்கு அடியில ஒரு ராக்கெட் இருக்கு. எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தார். பிடியில் நீலத் துணி சுற்றியிருந்தது. விழுந்தபோது மண்ணில் உரசிய தடம் இன்னும் இருந்தது.

"அண்ணாச்சியோடது," என்றார்.

"கொண்டுபோய்க் கொடுங்க."

"திருநெல்வேலிக்கா?"

"அவர் அங்கதானே இருக்கார்."

"ஆஸ்பத்திரியில இதை வச்சு அவர் என்ன மேடம் பண்ணுவார்? இசக்கி வந்தா கொடுத்து விடலாமே."

"விடலாம்."

அவள் பந்துக் கூடையை இழுத்துக்கொண்டு அடுத்த கோர்ட்டுக்குப் போனாள்.

சங்கரலிங்கம் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு சத்தமாகக் கேட்டார்:

"அங்க போய் என்ன மேடம் சொல்றது?"

"ராக்கெட்டுன்னு சொல்லுங்க," என்றாள் அவள்.

*

பஸ்ஸில் ராக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அறைக் கதவைத் திறந்தது ஒரு பெண். அண்ணாச்சியின் அதே நெற்றி. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"ராக்கெட்," என்றார் சங்கரலிங்கம்.

அவள் ராக்கெட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"நீங்கதான் அந்தச் செய்தியைப் போட்டதா?"

சிக்னல், இசக்கி, அறுந்த லைன், எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன.

"ஆமாம்மா. நான்தான். விசாரிக்காமப் போட்டுட்டேன்."

அவள் பெயர் பொன்மலர். வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.

"அம்மா போனையே எடுக்கல. கெடச்ச பிளேன்ல ஏறி, வழி முழுக்க அழுதுகிட்டே வந்தேன் சார். பக்கத்து சீட்டுல இருந்த அம்மா, யாருன்னே தெரியாது, கடைசி வரைக்கும் என் கையைப் பிடிச்சிக்கிட்டே வந்தாங்க. திருவனந்தபுரத்துல இறங்கி போனைப் போட்டா, எங்கம்மா சொல்றாங்க, அப்பா கண்ணைத் தொறந்துட்டாருன்னு. ஏர்போர்ட்டுல அப்படியே தரையில உக்காந்துட்டேன்."

"மன்னிச்சிரும்மா."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"என் கல்யாணத்துலேருந்து நானும் அப்பாவும் பேசிக்கிறதில்ல. ஆஸ்பத்திரியில இருக்காருன்னு மட்டும் போட்டிருந்தீங்கன்னா, அம்மாகிட்ட போன்ல விசாரிச்சிட்டு அங்கேயே இருந்திருப்பேன்."

சங்கரலிங்கம் சாத்திய கதவைப் பார்த்தார்.

"அதுக்காக உங்களுக்கு நன்றியெல்லாம் சொல்ல மாட்டேன்," என்றாள்.

"வேண்டாம்மா. சொல்லவே சொல்லாதே."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. மெலிந்திருந்தது, ஆனால் அதே குரல்.

"யாரு பிள்ள அது? என் கருமாதிக்கு வந்த ஆளா? உள்ள வரச் சொல்லு."

பொன்மலரின் முகம் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தார். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

அண்ணாச்சி தலையணையில் சாய்ந்து கிடந்தார். கையில் ஊசி, மார்பில் வயர்கள். சங்கரலிங்கம் கட்டிலோரம் போய் நின்றதும் அவர் கையை எட்டிப் பிடித்தார். கை வெதுவெதுப்பாக இருந்தது. சங்கரலிங்கத்துக்கு அதற்குமேல் தாங்கவில்லை. பொன்மலர் முன்னாலேயே அழுதுவிட்டார்.

"ஏன்வே அழுதீரு? ஐஸ் பெட்டியைத் திருப்பி அனுப்பிட்டாங்களேன்னா?"

சிரித்தார். நெஞ்சு வலித்ததோ என்னவோ, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நீர் எழுதுனதைப் படிச்சேன். ஊர்ல அத்தனை பேரும் எனக்கே அனுப்பியிருக்கான். 'பேக்ஹேண்டில் இவருக்கு இணை இம்மாவட்டத்தில் இல்லை'ன்னு போட்டிருக்கீரு."

"ஆமா அண்ணாச்சி."

"பொய்யா?"

"சத்தியம் அண்ணாச்சி. நீங்க புறங்கையால அடிக்க அந்தப் பக்கம் திரும்பினாலே நான் பந்து போச்சுன்னு முடிவு பண்ணிடுவேன்."

"அப்ப, வாராவாரம் எதுத்தாப்புல நின்னு ஆடுனீரே. ஒரு நாளாவது வாயைத் தொறந்து சொன்னீரா?"

சங்கரலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யோசித்தார். ஒரு நாளும் சொன்னதில்லை.

"நான் என்னமோ என் பேக்ஹேண்டு மட்டம்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன்," என்றார் அண்ணாச்சி. குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

பிறகு ராக்கெட்டை வாங்கிப் போர்வைமேல் வைத்துக்கொண்டார். நர்ஸ் வந்து எடுக்கச் சொன்னாள். மாட்டேன் என்றார்.

*

திரும்பும் பஸ்ஸில் சங்கரலிங்கம் போனைத் திறந்தார். நீளமான மன்னிப்புச் செய்தியை ஒவ்வொரு வரியாக அழித்துக்கொண்டே வந்தார். மிஞ்சியதைக் குழுவில் போட்டார்.

"அண்ணாச்சியைப் பார்த்துவிட்டு வருகிறேன். தேறிவருகிறார். ஞாயிற்றுக்கிழமை நான் போட்டது தவறான செய்தி. விசாரிக்காமல் போட்டேன்."

ஜன்னல் வழியே உப்புக் காற்று அடித்தது. அத்தனை நாளும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எந்த நிறுத்தத்தில் இறங்கிப் போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. ஊர் வருமுன் தூங்கிப்போனார். கண்டக்டர்தான் எழுப்பினார்.

மறுநாள் காலை கோர்ட்டுக்குப் போனார்.

"கொடுத்தாச்சா?" என்றாள் பெனடிக்டா.

"கொடுத்தாச்சு மேடம்."

அவள் கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்தாள். "வாங்க."

சங்கரலிங்கம் ராக்கெட்டைத் தூக்கவில்லை.

"மேடம், ஒண்ணு சொல்லணும். என் வீட்டுக்காரி போனப்புறம் காலையில எதுக்கு எந்திரிக்கணும்னே தெரியாமக் கெடந்தவன் நான். இங்க வரணும், நீங்க காத்துக்கிட்டு இருப்பீங்கன்னுதான் எந்திரிச்சேன். தினமும் அப்படித்தான் எந்திரிக்கிறேன். உங்களை மாதிரி சொல்லிக் கொடுக்கறவங்களை நான் பார்த்ததில்ல. முப்பது வருஷம் பாடம் நடத்தினவன் சொல்றேன். இதை உங்ககிட்ட ஒரு நாளும் சொன்னதே இல்ல."

பெனடிக்டாவின் கையில் பந்து அப்படியே நின்றது. அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சார், நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"இருக்கீங்க மேடம்," என்றார் சங்கரலிங்கம். "அதான் சொல்றேன்."