சுக்காம்பாளையத்து ஏரோப்பிளேன்

சுக்காம்பாளையத்துக்காரர்களைச் சோம்பேறிகள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்துவிடுவார்கள். தொல்லையே அதுதான்.

லேத்துப் பட்டறை வைத்திருந்த வெள்ளியங்கிரியிடம் அவர் மனைவி பாவாயி, "மழை வந்தா வாசல்ல காயற கடலைக்காயை எடுத்து உள்ளே வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனாள். மனிதர் கடலைக்காய்க்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, வானத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தார். மழை வரவில்லை. ஆடுகள் வந்தன. பாவாயி திரும்பி வந்தபோது தொலி மட்டும் கிடந்தது.

"ஆடு வந்தா என்ன பண்றதுன்னு நீ சொல்லலையே, பாவாயி?"

அவள் துணிமணியைப் பைக்குள் திணித்தாள். "இனிமே பஸ்ஸுல வந்து கூப்பிட்டா நான் வர மாட்டேன். ஏரோப்பிளேன்ல வந்து கூப்பிடுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு, பத்து கிலோமீட்டர் தள்ளியிருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

வெள்ளியங்கிரிக்கு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு தட்டு எடுத்து வைப்பார். ஒன்றைக் கழுவாமலே திரும்ப அடுக்குவார். நான்காம் நாள் தறிக்கார நஞ்சப்பனையும் டிராக்டர் காளியண்ணனையும் கூப்பிட்டு, "ஏரோப்பிளேன் கட்டோணும்" என்றார்.

"கட்டிருவோம்" என்றார்கள் இருவரும். ஏன் என்று கேட்கச் சொல்லி அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டிலேயே விமானம் கட்டுவதற்கான வரைபடத்தைத் தபாலில் வரவழைத்தார்கள். கோயம்புத்தூரில் எஞ்சின் விற்றவன், "எவ்வளவு கணக்குப் போட்டாலும் இந்த வேலையில எல்லாம் ரெண்டு மடங்கு ஆகுமுங்க" என்று எச்சரித்தான். அனுபவஸ்தன் சொல்லைத் தட்டலாமா? எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்கினார்கள். கிணற்று மோட்டார் விலைக்குப் போயிற்று. நஞ்சப்பனின் தறி ஒன்று போயிற்று. ஒரு எஞ்சினைப் பூட்டிவிட்டு, மற்றதைச் சாக்குப் போர்த்தி மூலையில் வைத்தார்கள். சீட்டை மட்டும் இரண்டையும் பொருத்தினார்கள், பாவாயி உட்கார வேண்டுமே.

பிறகு விமானத்தைப் பரிசோதிக்க அதிகாரி வந்தார். கையில் தலையணை கனத்துக்கு ஒரு ஃபைல்.

"வீட்டுல கட்டுற விமானம்னா பாதிக்கு மேல உங்க கையாலேயே செஞ்சிருக்கணும். செஞ்சீங்களா?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குள் போய் ஆலோசித்தார்கள்.

"போல்ட்டெல்லாம் ஸ்பேனரால முறுக்குனது. அது எப்படிங்ணா கைக்கணக்குல வரும்?" என்றார் நஞ்சப்பன்.

"ஸ்பேனரைப் புடிச்சது கைதானே?" என்றார் காளியண்ணன்.

"அப்படிப் பார்த்தா பஸ்ஸை ஓட்டறதும் கைதான். டிரைவர் கையாலேயே ஊருக்கு வந்தேன்னு சொல்லுவீங்களா?"

அத்தனை போல்ட்டையும் கழற்றி, ஸ்பேனரைத் தொடாமல், விரலால் மறுபடி முறுக்கினார்கள். வெள்ளியங்கிரியின் பெருவிரல் கொய்யாப்பழம் போல வீங்கியது. பாவாயியை நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்று முறுக்கினார்.

மறுமுறை வந்த அதிகாரி இறக்கையைத் தொட்டார், அது ஆடியது. அவரும் கொஞ்சம் ஆடிப்போனார். "நான் அறிக்கை அனுப்பறேன். சர்டிபிகேட் கைக்கு வர்ற வரைக்கும் இது தரையை விட்டு ஒரு அங்குலம்கூட எழும்பக் கூடாது. உள்ளே உட்கார்ந்தா பெல்ட் போடணும். தரையிறங்கின பிறகுதான் அவிழ்க்கணும்" என்றார்.

"சர்டிபிகேட் எப்பங்க வரும்?"

"வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்டு மாதம் ஆயிற்று. வெள்ளியங்கிரி தபால்காரரை வாசலிலேயே மறித்துப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. ஒருநாள் நஞ்சப்பன் சொன்னார்: "எழும்பக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? போகக் கூடாதுன்னு சொல்லலையே!"

அன்றே வெள்ளியங்கிரி சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். பாவாயி மனம் குளிரட்டும் என்று வாசலில் புதுக் கடலைக்காய் காயப்போட்டார். ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். காளியண்ணனின் டிராக்டர் விமானத்தை இழுத்தது. வேகத்தடை வரும்போதெல்லாம் நஞ்சப்பன் வாலைப் பிடித்துத் தொங்கினார், சக்கரம் தரையை விட்டுவிடக் கூடாதல்லவா? மற்ற நேரத்தில் பின்னாலேயே நடந்து, உதிர்ந்த போல்ட்டுகளைத் துண்டில் பொறுக்கினார்.

பாவாயி வாசலுக்கு ஓடி வந்தாள். பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"வந்துட்டேன் பாவாயி. வா, போலாம்!"

"மாப்பிள்ளை, இறங்கி ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றாள் மாமியார்.

"இறங்கக் கூடாதுங்க அத்தை. சட்டம்."

காப்பி டம்ளர் இறக்கை மேலாக அவர் கைக்குப் போயிற்று. பாவாயி பின்சீட்டில் ஏறி பெல்ட்டை மாட்டினாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக வெள்ளியங்கிரிக்கு வயிறு நிறைந்தது போல இருந்தது.

சுக்காம்பாளையத்தில் வீட்டு வாசலில் டிராக்டர் நின்றது. பாவாயி பெல்ட்டில் கை வைத்தாள்.

"அவிழ்க்காதே! தரையிறங்கின பிறகுதான் அவிழ்க்கோணும்."

"தரையிலதானுங்க இருக்கறோம்!"

"இருக்கறோம். ஆனா இறங்கலையே" என்றார் வெள்ளியங்கிரி.

"நானும் காளியண்ணனும் ஆளுக்கொரு இறக்கையைப் புடிச்சு மேலே தூக்கிக் கீழே வச்சா, இறங்குன கணக்குத்தானுங்ணா?" என்றார் நஞ்சப்பன். இருவரும் இறக்கைகளைப் பிடித்தும்விட்டார்கள்.

"சர்டிபிகேட் வராம எப்படித் தூக்குவீங்க?" என்றார் வெள்ளியங்கிரி. இறக்கையைப் பிடித்தபடி இருவரும், சீட்டில் இருந்தபடி அவரும் யோசித்தார்கள்.

அப்போதுதான் ஆடுகள் வந்தன.

"ஏனுங்க! கடலைக்காய்! ஆட்டை முடுக்குங்க!" என்று பாவாயி கத்தினாள்.

"பெல்ட்டு போட்டிருக்கறேன், பாவாயி."

ஆடுகள் அவசரமில்லாமல் தின்றன. இறக்கையைப் பிடித்திருந்த இருவரும் இறக்கையைப் பிடித்தபடியே பார்த்தார்கள். கடைசிக் காயும் போனதும் பாவாயிக்குக் கண் சிவந்துவிட்டது.

"போதும் சாமி! நான் எங்கம்மா வீட்டுக்கே போறேன். காளியண்ணா, எடுங்க டிராக்டரை!"

காளியண்ணன் எடுத்தார். பாவாயி கோபித்துக்கொண்டு போனாள். முன்சீட்டில் வெள்ளியங்கிரியும் போனார். பத்து கிலோமீட்டரும் பாவாயி முகத்தைத் திருப்பியே வைத்திருந்தாள்.

"என்ன கண்ணு, மறுபடியும் சண்டையா?" என்று மாமியார் ஓடி வந்தாள்.

பாவாயி முன்சீட்டுப் பக்கமே திரும்பாமல் சொன்னாள்: "அந்த மனுசன் மூஞ்சியில இனி முழிக்க மாட்டேன். ஏரோப்பிளேன்ல வந்து கூப்பிட்டா மட்டும்தான் போவேன்."

வெள்ளியங்கிரி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு திரும்பினார்.

"வந்துட்டேன் பாவாயி. வா, போலாம்."

சொன்ன சொல்லை மீறுகிறவளா பாவாயி? காளியண்ணன் டிராக்டரைத் திருப்பினார்.